என்செலடஸில் ஓர் உயிர் இருக்குமானால்

2025 ஏப்ரலில் கே2-18பி என்னும் கோளின் வளிமண்டலத்தில், பூமியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்பைடு என்ற வேதிப்பொருளின் தடயம் தென்படுவதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் அறிவித்தபோது, "இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று சிலரும், "இனி உங்கள் கடவுள் என்ன செய்வார்" என்று வேறு சிலரும் உடனே எழுதத் தொடங்கினார்கள். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்தக் கோளைப் பற்றிய தரவுகளை மற்ற ஆய்வாளர்கள் மறுபடி அலசி, சான்று போதாது என்று சொன்னபோது அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. சைவ சித்தாந்தத்தை வாழ்நெறியாகக் கொண்ட எனக்கு இது வருத்தமளிக்கிறது. வேற்றுலக உயிர் என்பது பெருமை பேசவோ வாதில் வெல்லவோ எடுத்துக்கொள்ளும் பொருளாகச் சுருங்கிவிடக் கூடாது.

இத்தகைய வேளைகளில் பலரும் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியை எடுத்துக் காட்டுகிறார்கள். அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேற்பட விரிந்து கிடக்கின்றன என்றும், அவை அத்தனையும் பெரியோனாகிய இறைவன் முன் "இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய"ச் சிறியவை என்றும் மாணிக்கவாசகர் பாடுகிறார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்கு தெரியும். கூரை இடுக்கின் வழியே சாய்ந்து விழும் வெயில் கீற்றுக்குள் தூசு மேலும் கீழுமாக மிதக்கும். கீற்றுக்கு வெளியே அதே தூசு இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவு நுட்பமான வரியை வைத்துக்கொண்டு விண்மீன் கணக்கோடு பொருத்திப் பார்ப்பது அந்தப் பாட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சித்தாந்த நூல்கள் எண்ணிச் சொல்லும் 224 புவனங்களுக்கும் இது பொருந்தும். அவை உலகத் தோற்றத்தின் படிநிலைகளான தத்துவங்கள்தோறும் அமைந்தவை, பெரும்பாலானவை தொலைநோக்கிக்கு அகப்படும் பருப்பொருள் உலகங்களே அல்ல. 1995இல் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளை மிஷேல் மேயரும் டிடியே கேலோவும் கண்டறிந்தது முதல் இன்றுவரை உறுதியான ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களில் ஒன்றிலும் உயிர் இருப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் சித்தாந்தம் இந்தத் தேடலுக்குச் சொல்வதற்கு உண்மையிலேயே ஒன்றை வைத்திருக்கிறது. உயிர்கள் எண்ணற்றவை; அவை படைக்கப்பட்டவை அல்ல, இறைவனைப் போலவே அனாதியானவை; ஆணவ மலம் என்னும் அறியாமை இருளால் மறைப்புண்டு கிடக்கும் அவற்றின்மேல் கொண்ட கருணையால் இறைவன் உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) என்னும் நான்கையும் கூட்டுவிக்கிறான். அதாவது, உடலைப் போலவே உலகமும் உயிர் பக்குவம் அடைவதற்காகத் தரப்பட்டது. அப்படியானால் நமக்குத் தரப்பட்ட இந்த ஒரு கோளோடு அந்தக் கருணை நின்றுவிட்டது என்று எந்தச் சைவனும் துணிந்து சொல்ல முடியாது. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று சிவபுராணம் வரிசைப்படுத்தும்போது புல்லுக்குள் இருப்பதும் நம்மைப் போன்ற ஓர் ஆன்மாதான் என்பதை ஏற்றுக்கொண்டே நாம் ஓதுகிறோம். ஆகவே பேசும், கருவி செய்யும் வேற்றுலகவாசி வந்தால்தான் ஆன்மிகக் கேள்வி எழும் என்பதில்லை. ஒரு கிருமி கிடைத்தாலே போதும்.

இதற்குத் தடையாகத் திருவாசகத்திலிருந்தே ஒரு பாட்டை எடுத்து வைக்கலாம். திருப்பள்ளியெழுச்சியின் கடைசிப் பாட்டில், "புவனியில் போய்ப் பிறவாமையின் நாள் நாம் போக்குகின்றோம் அவமே" என்று திருமாலும் நான்முகனும் ஏங்குகிறார்கள். சிவன் உயிர்களை உய்யக் கொள்ளும் இடம் இந்தப் பூமியே என்பது அவர்களுடைய ஏக்கத்தின் காரணம். பூமிக்கு மட்டுமே உரிய சிறப்பை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பாட்டை எளிதில் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதே பாட்டு, "அலர்ந்த மெய்க்கருணையும் நீயும் அவனியில் புகுந்து எமை ஆட்கொள்ள வல்லாய்" என்று முடிவதைக் கவனிக்க வேண்டும். மண்ணுக்குச் சிறப்பு வந்தது அவன் புகுந்ததால். புகவல்லவனின் கருணைக்கு எல்லை வகுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஹோசே கப்ரியேல் ஃபூனஸ் அடிகளார் வேற்றுலக உயிரையும் சகோதரன் என்று கருதலாம் எனச் சொன்னபோது, கிறிஸ்து ஒருமுறை மனிதராய்ப் பிறந்ததற்கும் அந்த உயிர்களின் மீட்புக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை அவரும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. சிவபெருமானுக்குப் பிறப்பில்லை என்று கொள்ளும் நமக்கு அந்தச் சிக்கல் அதே வடிவில் எழுவதில்லை. ஆணவம் மட்டுமே உடைய உயிர்களான விஞ்ஞானகலருக்கு உள்நின்றும், ஆணவத்தோடு கன்மமும் உடைய பிரளயாகலருக்கு முன்நின்றும், ஆணவம், கன்மம், மாயை மூன்றும் உடைய நம் போன்ற சகலருக்குக் குருவடிவிலும் அவன் உணர்த்துகிறான் என்பது சித்தாந்தத்தின் தலைமை நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்துக்குரிய விளக்கம். கொள்பவரின் நிலைக்கேற்பவே அருள் வடிவம் கொள்ளும் என்றால், அங்குள்ள உயிருக்கு மனித உருவில்தான் குரு வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க நியாயமில்லை.

இந்த இடத்தில் என்னை மிகவும் நெகிழச் செய்வது காசினி விண்கலத்தின் முடிவு. சனிக் கோளின் துணைக்கோளான என்செலடஸ் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விட்டமே கொண்ட சிறிய பனி உருண்டை. அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிடுவதைக் காசினி 2005இல் கண்டது. பனிக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதும், உயிருக்கு இன்றியமையாத பாஸ்பேட் அந்த நீரில் இருப்பதும் அதன் தரவுகளிலிருந்து பின்னர் தெரியவந்தன. எரிபொருள் தீரும் தறுவாயில் கலத்தை அப்படியே விட்டிருந்தால், பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற கிருமிகளோடு அது என்றாவது என்செலடஸிலோ சனியின் மற்றொரு துணைக்கோளான டைட்டனிலோ மோதியிருக்கக்கூடும். அதனால் 2017 செப்டம்பர் 15 அன்று அதைச் சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தி எரித்துவிட்டார்கள். அங்கே உயிர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இருந்தால் அதற்கு நம்மால் தீங்கு நேரக் கூடாது என்பதற்காகவே, பதின்மூன்று ஆண்டுகள் சனியைச் சுற்றிவந்த கலத்தைத் தியாகம் செய்தார்கள். "எத்துணையும் பேதமுறாது எவ்வுயிரும் தம்முயிர்போல் எண்ணி" என்று வள்ளலார் பாடிய மனநிலையை, அவர் பெயரையே அறிந்திராத பொறியாளர்கள் ஒரு திட்டவரைவில் எழுதி நிறைவேற்றியிருக்கிறார்கள். முன்னோர் பெருமை பேசும் பதிவுகளில் இந்தச் செய்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடைந்து, அதன் துணைக்கோளான யூரோப்பாவின் பனிக்கு அடியிலுள்ள கடல் உயிர் வாழத் தகுதியானதா என்று ஆராய இருக்கிறது. அதற்கு முன்பாகவே ஆதீனங்கள் நடத்தும் சித்தாந்தப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கேள்விகள் எடுக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். தானாகப் பீறிட்டு வெளிவரும் நீரைச் சோதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பனியைத் துளைத்துக் கருவிகளை உள்ளே இறக்கும் நாள் வந்தால், அங்கே இருக்கக்கூடிய ஓரறிவு உயிருக்குத் தரப்பட்ட புவனத்துக்குள் நுழைகிறோம் என்ற அச்சத்தோடு நிபந்தனைகளைக் கேட்கும் குரல் சைவர்களிடமிருந்தும் எழ வேண்டும்.