ஹட்ஸ்வெல் பப்பை நடத்துவது ஊர்க்காரர்கள் இல்லை

ஒரு நண்பர், "ஹட்ஸ்வெல்லில் மூடிக்கிடந்த பப்பை ஊர்க்காரர்கள் வாங்கி, முறைவைத்துத் தாங்களே பீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள்" என்று எழுதியிருக்கிறார். வாங்கினார்கள் என்பது சரி. பீர் ஊற்றினார்கள் என்பது தவறு. இதைப் படித்துவிட்டு வேறு ஊர்க்காரர்கள் அப்படி இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

பிரிட்டனின் வட யார்க்‌ஷயரில் ரிச்மண்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஹட்ஸ்வெல். அங்கே இருந்த ஒரே பப், ஜார்ஜ் அண்ட் டிராகன், 2008-இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் பங்கு போட்டுப் பணம் திரட்டி 2010-இல் அதை வாங்கித் திறந்தார்கள். ஆனால் கட்டடம்தான் பங்கு போட்ட ஊர்க்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தம். வியாபாரம் குத்தகைக்காரர் கையில். சரக்கு எடுப்பது, சமையல், ஆள் சம்பளம் எல்லாம் அவர் பொறுப்பு. சங்கம் வாடகை வாங்கிக்கொண்டு கூரையையும் சுவரையும் பார்த்துக்கொள்கிறது. நடுவில் குத்தகைக்காரர் மாறியும் பப் ஊரை விட்டுப் போகாததற்குக் காரணமே இந்த ஏற்பாடுதான்.

தன்னார்வலர்கள் இல்லாமல் இல்லை. அதே கட்டடத்தில் இருக்கும் குட்டி மளிகைக் கடையைக் கவனிப்பது அவர்கள்தான். உள்ளே ஒரு நூலகம், பின்னால் ஊர்க்காரர்கள் காய்கறி போடும் பாத்திகள், அப்புறம் ஸ்வேல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்காரும் திண்ணை. பீர் ஆர்வலர்களின் கேம்ரா அமைப்பு, நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சிறந்த பப் என்ற விருதைக் கொடுத்தது இந்தப் பப்புக்குத்தான்.