மறந்தும் புறந்தொழாமையும் திருப்பாற்கடல் ஆவுடையாரும்

வைணவர்கள் பிற தெய்வங்களை மதிப்பதில்லை என்று ஒரு சாராரும், அரியும் சிவனும் ஒன்று என்று ஒப்புக்கொள்ளாத வைணவன் குறுகிய மனத்தினன் என்று இன்னொரு சாராரும் எழுதி வருகிறார்கள். இவற்றைவிட என்னை வருத்துபவை, நெற்றியில் திருமண் துலங்க, சிவபெருமானை ஏசி எழுதும் நம்மவர்களின் பதிவுகளே.

திருமாலடியாரை, மறந்தும் பிற தெய்வத்தைத் தொழாதவர் என்னும் பொருளில் "மறந்தும் புறந்தொழா மாந்தர்" என்று திருமழிசையாழ்வார் பாடியது உண்மை. நான்முகனை நாராயணன் படைத்தான், அந்த நான்முகன் சங்கரனைப் படைத்தான் என்றுதான் அவருடைய நான்முகன் திருவந்தாதி தொடங்குகிறது. இதை யாருக்காகவும் மழுப்ப வேண்டியதில்லை. நாராயணனே பரம்பொருள் என்பதை விட்டுக்கொடுத்தபின் வைணவம் என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்? ஆனால் நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பதிகத்திலேயே, அவரவர் தத்தம் அறிவுக்கேற்ற தெய்வத்தின் அடியை அடைவதைச் சொல்லி, "அவரவர் இறையவர் குறைவிலர்" என்கிறார். அந்தத் தெய்வங்களுக்குள் உயிராய் நின்று பலன் தருபவன் எம்பெருமானே என்பதால் அவர்களிடம் குறையில்லை. இராமானுசர் நிலைநாட்டிய உடல்-உயிர் உறவும் இதுதான்: தேவர்கள் உட்பட உலகனைத்தும் அவனுக்குத் திருமேனி. "ஏறாளும் இறையோனும் திசைமுகனும் திருமகளும் கூறாளும் தனியுடம்பன்" என்று, தன் உடம்பிலேயே சிவனுக்கும் பிரமனுக்கும் இடம் கொடுத்தவனாக எம்பெருமானை நம்மாழ்வார் பாடும்போது, அங்கே இடம்பெற்றவரை ஏசுகிறவன் யாருடைய திருமேனியை ஏசுகிறான் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் காவேரிப்பாக்கத்தை அடுத்த திருப்பாற்கடலுக்குப் போய்வரலாம். அங்கே பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் நிற்பது, சிவலிங்கத்தின் பீடமான ஆவுடையாரின்மேல். இலிங்கம் எழ வேண்டிய இடத்தில் சங்கு சக்கரங்களோடு பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். பெருமாள் கோயிலென்று எண்ணிச் சிவாலயத்துக்குள் வந்துவிட்ட புண்டரீக மகரிஷிக்கு இப்படிக் காட்சி கொடுத்தார் என்பது தலபுராணம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை நம் பழைய வடாற்காடு மாவட்டத்திலேயே இருந்த திருமலையில், சிவனுக்குரிய சடையும் திருமாலுக்குரிய முடியுமாக, "தாழ்சடையும் நீள்முடியும்" இசைந்த ஓருருவைப் பேயாழ்வார் கண்டதும் இத்தகைய காட்சிதான்.

சமய வாதம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் மண்ணில் அது ஓங்கி நடந்திருக்கிறது. வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் ஆதரித்த அப்பைய தீட்சிதர், ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்தவர். அவ்வூர்க் காலகண்டேசுவரர் கோயிலில் உள்ள 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவருடைய பெருமையைச் சொல்கிறது. சிவனே பரம் என்று நூல் நூலாக எழுதிய அவர்தான் காஞ்சி வரதர்மீது வரதராஜ ஸ்தவம் பாடினார். வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் கண்ணனைப் பாடிய யாதவாப்யுதயம் என்னும் காவியத்துக்கு உரையும் எழுதினார். அதே நூற்றாண்டில் வைணவரான சோளிங்கர் தொட்டாசாரியார், அத்வைதத்தை மறுக்கும் தேசிகரின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் உரையை எழுதினார். எதிர்த்தரப்பின் நூல்களை வரிவரியாகக் கற்றுத் தேர்ந்த பிறகே அவர்கள் மறுக்க எழுந்தார்கள். இன்று இரண்டு வரி ஏச்சை எழுதிவிட்டு, அதைச் சம்பிரதாயத்தின் பெயரில் கணக்கு வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர் மக்கள் இதில் தெளிவாகவே இருக்கிறார்கள். கார்த்திகையில், நரசிம்மர் கோயில்கொண்ட சோளிங்கர் பெரியமலையின் 1,305 படிகளை ஏறுகிறவர்களில் திருநீறு பூசியவர்கள் எத்தனையோ பேர். நாமம் தரிக்கும் வீடுகளிலும் படவேட்டு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களை வைணவரல்லர் என்று தள்ளும் உரிமை எனக்கு இருப்பதாக நான் கருதவில்லை. நான் பெருமாளைத் தவிர வேறெவரையும் சரண் புகுவதில்லை. சிவாலயத்துக்கு வழிபடச் செல்வதும் இல்லை. என் மனைவியின் பிறந்த வீட்டார் சைவர்கள். தீபத்துக்கு அவர்கள் அண்ணாமலைக்குப் புறப்படும்போது வண்டி ஏற்பாடு செய்வதும், வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுப்பதும் எங்கள் வீட்டில்தான்.