தானாக ஒன்றும் ஓடவில்லை

சனிக்கிழமை இரவு நடந்ததைப் பற்றி ஞாயிறு முழுக்க ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, கோபத்தில் எழுதினால் பிறகு நானே வருத்தப்படுவேன் என்று தெரியும். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. நம் பதிவுத் தளம் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியை 7.4-லிருந்து 8-க்கு மாற்றினேன். அதன்பின் மூன்று மணி நேரம் சில பதிவுகள் திறக்கவில்லை, வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. காரணம் ஒரே ஒரு வரி. பதிவுக்கு எத்தனை கமெண்ட் வந்திருக்கிறது என்று எண்ணும் வரி அது. கமெண்டே இல்லாத பதிவில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. பழைய பிஎச்பி அதற்கு ஓர் எச்சரிக்கையை லாகில், அதாவது சர்வரின் குறிப்பேட்டில், எழுதிவிட்டு மேலே போய்விடும். 8 போகாது, அந்த இடத்திலேயே நின்றுவிடும். நான் சோதித்த பதிவுகள் எல்லாவற்றிலும் கமெண்ட் இருந்தது. ஒருவர்கூடப் பதில் சொல்லாத பதிவு ஒன்றைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தவறு என்னுடையதுதான், அதை அன்றே சொல்லிவிட்டேன்.

என்னைக் குடைந்தது அந்த மூன்று மணி நேரம் இல்லை. "நல்லா தானா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்கு நோண்டணும்?" என்று ஒருவர் எழுதினார் பாருங்கள், அந்த வரியும் அதற்கு விழுந்த லைக்குகளும்தான். லைக் போட்டவர்களில் பலருடைய பாஸ்வேர்டை நான் நடு ராத்திரியில் மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தானா ஓடிக்கிட்டிருந்தது. எது தானாக ஓடியது?

பிஎச்பி 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர, அதை உருவாக்கியவர்கள் வரமாட்டார்கள். நான் மாற்றாமல் விட்டு, யாராவது உள்ளே புகுந்து உங்கள் மின்னஞ்சல் முகவரிகளை அள்ளிக்கொண்டு போயிருந்தால் இதே ஆட்கள்தான் "இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க" என்று கேட்டிருப்பார்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தருவது. இப்போது நாம் வாங்குவது 90 நாள்தான் செல்லும். காலாவதியாகப் போகிறது என்று முன்பெல்லாம் அவர்களே மின்னஞ்சல் அனுப்புவார்கள், 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். புதுப்பிப்பதற்கு ஒரு நிரல் இருக்கிறது, சரி. அந்த நிரல் ஓடியதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளுக்குக் காய்ச்சல் வராதா, ஊருக்குப் போகமாட்டாரா?

தானாக ஓடுகிறது என்று நம்பி நானே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. பேக்கப் எடுக்கும் நிரலைத் தினமும் அதிகாலையில் ஓடும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாள் தேதியிலும் ஒரு கோப்பு வரிசையாக விழும். பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவேன். ஒருநாள் தற்செயலாகக் கோப்பின் அளவு கண்ணில் பட்டது. 20 பைட். அதற்கு முந்தைய நாளும் 20 பைட். அதற்கு முந்தைய நாளும். உள்ளே ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் வரும் அளவு அது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நான் மாற்றியிருந்தேன், பேக்கப் நிரலில் மாற்ற மறந்துவிட்டேன். வெறுமையைப் பத்திரமாகச் சுருக்கித் தேதி போட்டு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நாட்களில் டிஸ்க் போயிருந்தால் உங்கள் எழுத்து ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. அன்றிலிருந்து பேக்கப்பை வேறொரு கணினியில் விரித்து, பதிவுகளைத் திறந்து படித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என்னைவிடப் பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தகவல் போனது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள்.

"இதுக்குப் பதிலா வேர்ட்பிரஸுக்குப் போயிடலாமே" என்கிறார்கள். போகலாம். நல்ல மென்பொருள், எனக்கு அதன்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அது எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். பி2 என்ற ஒரு சின்னப் பதிவு மென்பொருளைப் பராமரித்தவர் ஒதுங்கிப்போக, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த இருவர் 2003-இல் அதை எடுத்து வளர்த்தார்கள். அதுதான் வேர்ட்பிரஸ். அங்கே போனாலும் அப்டேட் போட வேண்டும், செருகுநிரல்களின் ஓட்டைகளைக் கவனிக்க வேண்டும். ஆள் வேண்டாம் என்று ஆகிவிடாது.

"பெரிய நிறுவனத்துக்கிட்ட விட்டுட்டா தொல்லை இல்லை" என்பது அடுத்தது. எல்லாரும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள யாஹூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013-இல். கூகுள் பிளஸ் 2019-இல். இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரே இரவில் இதைவிட நன்றாக எழுதிவிடலாம் என்று ஒரு தம்பி சொன்னார். எழுதலாம், தம்பி. எழுதிய பிறகு வரும் இரவுகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

"உங்களை யார் செய்யச் சொன்னது?" இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. யாரும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் கேட்டவர் போன மாதம்தான் தேடல் சரியில்லை, தொடர் எழுத வசதி வேண்டும் என்று எனக்கு நீளமாக எழுதியிருந்தார். தொடர் வசதியைச் செய்தும் கொடுத்தேன். மேம்படுத்து என்று கேட்கும்போது நான் வேண்டும். அதற்காகத் தளத்தின் நிரல் கோடில் கைவைத்தால் எதற்கு நோண்டுகிறாய் என்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலை. பழைய கோடைத் திறக்காமல் புது வசதி வராது.

நம்மைப் போன்ற சின்னக் கூட்டத்தைத் தாண்டியும் இது பெரிய விஷயம். உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளை லாஸ்ஸே கொலின் என்ற தன்னார்வலர்தான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-இல் சிலர் வந்து, மெதுவாக இருக்கிறீர்கள், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவரை நச்சரித்தார்கள். தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் எழுதினார். உதவிக்கு வந்த ஒருவரை நம்பிப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயரிலிருந்துதான், வெளியாள் சர்வருக்குள் புக வழிசெய்யும் கள்ளக் கதவு மென்பொருளுக்குள் போனது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் வெளியே தெரிந்தது. அந்த நச்சரிப்புக் கடிதங்களைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நம் குழுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தவையும் ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான்.

சரி, வெள்ளைப் பக்கம் வருவது எனக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில் நம்மோடு எழுதிய அக்கா ஒருவரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்பாவின் நினைவு நாளில் நீளமாக ஒரு பதிவு எழுதினார். நடுவில் கைகூப்பும் எமோஜிக் குறி ஒன்று போட்டிருந்தார். அந்தக் குறிக்குப் பிறகு எழுதியது ஒன்றுமே சேமிக்கப்படவில்லை. நம் டேட்டாபேஸில் எழுத்துகளைச் சேமிக்க அப்போது இருந்த பழைய யுடிஎஃப்8 அமைப்பு ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக்கு 3 போதும், அந்தக் குறிக்கு 4 வேண்டும். அது வந்த இடத்தில் வாசகத்தை வெட்டிவிட்டது. எழுதியது போனது போனதுதான். "நான்தான் எங்கேயோ தப்பா அழுத்திட்டேன் போல, பரவாயில்லப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரமே உட்கார்ந்து எல்லா அட்டவணைகளையும் 4 பைட்டுக்கு மாற்றினேன். அவர் மறுபடியும் எழுதினார், குறியோடு.

அக்கா இப்போது இல்லை. அவருடைய மகள் மாதம் ஒருமுறை வந்து அம்மாவின் பதிவுகளைப் படிக்கிறார். கமெண்டே வராத பதிவுகள் அதில் நிறைய. சனிக்கிழமை இரவு முதல் மின்னஞ்சல் அவரிடமிருந்துதான் வந்தது. "அண்ணா, அம்மா பதிவு சிலது வெள்ளையா வருது. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பாருங்க."

நோண்டியது தப்பு என்று சொன்ன யாரும் அதுவரை அந்தப் பதிவுகளைத் திறக்கக்கூட இல்லை.

நான் விட்டுவிட்டுப் போகவில்லை, அப்படி ஒரு வதந்தி ஓடுகிறது, வேண்டாம். ஆனால் தனியாக இதைச் செய்ய இனி என்னால் முடியாது. சர்வர், டொமைன், பேக்கப் எல்லாவற்றின் வழிமுறைகளையும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பேர் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். வரும் ஞாயிறு காலை பேக்கப்பை விரித்துப் பார்க்கப் போகிறேன். கோடு தெரியாதவர்களும் வரலாம், பழைய பதிவுகளைத் திறந்து முழுசாக வருகிறதா என்று படித்துச் சொன்னால் போதும். கமெண்ட் இல்லாத பதிவுகளிலிருந்து ஆரம்பிக்கலாம்.