மூணு புள்ளிதானே என்று சொல்லாதீர்கள்

ஒரு அறிக்கையின் வரியை வெட்டி மேற்கோளாகப் போட்ட படம் ஒன்று நேற்று பரவியது. ஆங்கில அறிக்கையில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இந்த முறை ஆரம்ப நிலையில் மட்டுமே பலன் தரும்.” படத்தில் வந்தது: “இந்த முறை ... பலன் தரும்.” சுட்டிக்காட்டியவர்களுக்குக் கிடைத்த பதில், “மூணு புள்ளிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?”

ஆமாம், மூணு புள்ளிக்குத்தான்.

ஆங்கிலத்தில் மேற்கோளுக்குள் எலிப்சிஸ், அதாவது இந்த மூணு புள்ளிக் குறியை, வைத்தால், ‘இங்கே சில சொற்களை எடுத்திருக்கிறேன், ஆனால் சொன்னவரின் கருத்தை மாற்றவில்லை’ என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறோம். ‘மட்டுமே’, ‘இல்லை’, ‘ஒருவேளை’ போன்ற சொற்களைப் புள்ளிக்குள் புதைத்தால் அந்த வாக்கு பொய்யாகிறது. வெட்டியதை மூல வாக்கியத்தோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். முழுசாகப் படித்தவர் “அடடா, இது வேற மாதிரி இருக்கே” என்று சொன்னால், வெட்டிய இடம் தப்பு.

“எழுதும் முறை ஆளுக்கு ஆள் மாறுமே” என்பார்கள். மாறும், மறுக்கவில்லை. ஆங்கிலப் பதிப்புலகில் பயன்படும் சிகாகோ நடைக் கையேடு புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்கிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் பாணியில் மூன்றும் ஒட்டியிருக்கும், இருபுறமும் ஒரு இடைவெளி. எதையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். சிகாகோ முறையில் சாதா ஸ்பேஸ் தட்டினால் வரி முடிவில் ஒரு புள்ளி மேலேயும் இரண்டு கீழேயும் போய் விழலாம். வேர்டில் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் பிரியாது. முழு வாக்கியம் முடிந்த பிறகு வெட்டினால் மொத்தம் நான்கு புள்ளி வரும். முதலாவது முற்றுப்புள்ளி, அது கடைசிச் சொல்லோடு ஒட்டி நிற்கும். ஐந்து, ஆறு, ஏழு என்று இஷ்டத்துக்கு நீட்டுவதற்கு இந்த இரண்டு பாணியிலும் இடமில்லை. மேற்கோளின் தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் புள்ளியே தேவையில்லை. உரையாடல் எழுதும்போது, பேச்சை யாராவது இடைமறித்தால் நீள்கோடு (—), பேச்சு தானாகத் தேய்ந்தால்தான் புள்ளி.

“வாட்ஸ்அப்பில் எல்லாரும் இஷ்டத்துக்குத்தானே வைக்கிறார்கள்?” வைக்கட்டும். நண்பருக்கு “வரேன்......” என்று அனுப்புவதில் யாருடைய வார்த்தையும் திருடு போகவில்லை. அலுவலக மெயிலில் மட்டும் கவனம்: “ஓகே...” என்று முடித்தால் படிப்பவருக்கு அது சம்மதமா, சலிப்பா என்று புரியாது.

எனக்கு “இலக்கணப் போலீஸ்” என்று பெயர் வைத்தது வலிக்கத்தான் செய்கிறது. நான் பேசியது இலக்கணமே இல்லை. ஒரு மனிதர் யோசித்து, அளந்து, ஒரு நிபந்தனையோடு சொன்னதை, நிபந்தனையைக் கழற்றிவிட்டு அவர் வாயிலேயே திணிக்கிறீர்கள். நாளை அதை நம்பி யாராவது இறங்கினால், “நீங்கதானே சொன்னீங்க” என்று அவரைத்தான் கேட்பார்கள். புள்ளி வைத்தவரை யாரும் தேடப்போவதில்லை. இது எப்படிச் சின்ன விஷயம் ஆகும்?

கடைசியாக, “இடம் போதவில்லை” என்ற சமாதானம். எஸ்எம்எஸ்ஸில் மூன்று புள்ளியும் ஒரே எழுத்தாக வரும் குறி, அதாவது யூனிகோட் எழுத்துப் பட்டியலில் U+2026 என்ற எண்ணுள்ளது, ஒன்று விழுந்தாலே 160 எழுத்து கொள்ளும் ஆங்கிலச் செய்தி 70 ஆகச் சுருங்கிவிடும். படத்திலோ, எடுத்த சொற்கள் மூன்றே மூன்று. அதற்கும் இடமில்லையென்றால் மேற்கோள் குறியை எடுத்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், உங்கள் பெயரில்.