‘நல்லா நடக்குறாக’ என்பது ஒரு அளவே இல்லை

முழங்கால் மூட்டு மாற்றிய ஒரு ஆச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து வருகிற அந்த வீடியோவைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதன் கீழே ஒரு அண்ணன், "மூட்டு மாத்தி 20 நாள்ல ஆச்சி தானா நடந்து வர்றாக, இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்" என்று என்னைக் கேட்டிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

எனக்கு வேண்டியது கணக்கு. வராந்தாவில், பக்கத்தில் நர்ஸ் நிற்க, பாட்டுப் போட்டு எடுத்த பத்தடி நடை அளவு ஆகாது. எத்தனை வினாடி? கை ஊன்றாமல் எழுந்தார்களா? படி ஏறினார்களா? ஆபரேஷனுக்கு முன்னால் இதே கணக்கு எவ்வளவு?

எங்கள் ஆத்தாவுக்கு வலது முழங்கால் மாற்றி ஏழு மாதம் ஆகிறது. முதல் மாத முடிவில் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆத்தா, "நல்லா இருக்கேன் தம்பி, உங்க புண்ணியம்" என்றுதான் சொன்னார்கள். பொய் இல்லை, பழைய வலி போன நிம்மதி அது. ஆனால் அன்று காலையில்தான், எங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவிலிருந்து, அதாவது முற்றத்துப் பகுதியிலிருந்து, பின்பக்கத்து இரண்டாங்கட்டுக்குப் போகிற நிலைப்படியை ஆத்தா தாண்டியதைப் பார்த்தேன். கதவைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, இடது காலை வைத்து, அப்புறம் வலது தொடையைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டார்கள். முதல் மாதத்தில் தொடையின் முன்தசை பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். வலி குறைந்த சந்தோஷத்தில் அது வாயில் வராது, நாற்காலியிலிருந்து எழும்போதுதான் தெரியும். போனில் சொன்னதை வைத்து "நன்று" என்று எழுதி, இனி பிசியோ வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

அப்புறம் நானே அளந்தேன். பட்டாசாலையில் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல், பன்னிரண்டு எண்ணினால் 3 மீட்டர். சாக்பீஸில் ஒரு கோடு. நாற்காலியிலிருந்து எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991லிருந்து இருக்கிற சோதனை இது. ஆத்தாவுக்கு 26 வினாடி ஆனது. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று பார்த்தால், ஒன்றுகூட இல்லை. நாங்களே ஒரு பிசியோவை வரவழைத்தோம். இப்போது 13 வினாடி, ஏழு தடவை.

"டாக்டரைவிட உனக்குத் தெரியுமா" என்கிறார்கள். தெரியாது. ஆனால் மூட்டுத் தேய்மான ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், ஓஏஆர்எஸ்ஐ, 2013ல் பரிந்துரைத்ததே இவைதான்: நாற்காலியில் எழுவது, 40 மீட்டர் வேக நடை, படி ஏறுவது, நான் சொன்ன 3 மீட்டர் சோதனை, ஆறு நிமிட நடை. கேள்வித்தாளையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்ணில் 12 கேள்விகள், 48 மதிப்பெண், மண்டியிட்டு எழ முடிகிறதா என்பதுகூட அதில் உண்டு. அதோடு கால் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள் என்கிறேன். வயசானவர்களுக்குப் பரீட்சை வைக்கிறேன் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை.

குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பதினோரு தைப்பூசம் நடந்த கால் அது. போன மாதம் பிள்ளையார் நோன்பில் எல்லோரும் பாயில் இருக்க, ஆத்தா மட்டும் பின்னால் நாற்காலியில். "நல்லாத்தானே நடக்குறீக, கீழ உக்காருங்க ஆச்சி" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110, 120 டிகிரிதான் மடங்கும், கீழே உட்கார்ந்து எழ அதற்கு மேலும் வேண்டும். இதை அந்த இடத்தில் நான் எப்படி விளக்க? ஆத்தா ஒன்றும் பேசவில்லை. நோன்புத் திரியான இழையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதார்கள்.

அடுத்த வாரம் ஆபரேஷனுக்குப் போகிற தேவகோட்டைப் பெரியம்மா வீட்டில் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே பன்னிரண்டு கல் எண்ணி, போனில் நேரம் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். நானும் நாளைக்கு வருகிறேன்.