எதிர்ப்பக்கம் மென்றால் தாடைக் கோணல் நேராகுமா?

"தாடை ஒரு பக்கம் கோணியிருந்தால் எதிர்ப்பக்கமாகத் தினமும் சூயிங்கம் மெல்லுங்கள், தானாக நேராகிவிடும்" என்று சுற்றிவரும் செய்தி தவறு. மெல்வதால் பருப்பது தசை. வளர்ச்சி முடிந்த எலும்பு அதனால் இடம் மாறாது; தாடை மூட்டு வலிதான் மிஞ்சும்.

மேல்தாடை குறுகி, அதன் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக விழுந்தால், வாயை மூடும்போது ஏதோ ஒரு பல் முதலில் இடிக்கும். அதைத் தவிர்க்கக் கீழ்த்தாடை பக்கவாட்டில் நழுவும். கண்ணாடி முன் பாருங்கள்: வாயை அகலத் திறக்கையில் மேல், கீழ் முன்பற்களின் நடுக்கோடுகள் நேராகி, கடிக்கும்போது மட்டும் விலகினால் பெரும்பாலும் இதுதான். எப்போதும் விலகியே இருந்தால் கோணல் எலும்பிலேயே இருக்கலாம். (மூட்டுக் கோளாறும் குழப்பும், இது முடிவான சோதனை அல்ல.)

நழுவலைக் குழந்தைப் பருவத்தில் கவனிக்காவிட்டால் எலும்பின் வளர்ச்சியே ஒருபக்கமாகலாம். அந்தப் பருவத்திலேயே கவனித்தால் அண்ணத்தை (மேல்வாயை) விரிக்கும் கருவி உதவும். அதிலுள்ள திருகின் கால் சுற்றுக்குச் சுமார் 0.25 மி.மீ. விரியும். தாடை மூட்டின் எலும்பு முனை மிகையாக வளர்ந்தோ, சிறுவயதில் முறிந்தோ வந்த பெரிய கோணலுக்குப் பல் கம்பி மட்டும் போதாது. பெரும்பாலும் வளர்ச்சி நின்றபின் அறுவை சிகிச்சைதான். பெரியவருக்குப் புதிதாகக் கோணல் தொடங்கினாலோ, கூடிக்கொண்டே போனாலோ, மென்றுகொண்டிருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.