பாலக்காட்டுக் கணவாயில் வீடு கட்டியவர்கள் நிலநடுக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ சொந்த வீடு வைத்திருப்பவரிடம் நிலநடுக்கத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால், அதெல்லாம் குஜராத்காரர்களுக்கும் இமயமலைப் பக்கத்தவர்களுக்கும் உரிய கவலை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேரள, தமிழக எல்லையின் இரு பக்கமும் நிலநடுக்கம் என்றாலே முல்லைப்பெரியாறுதான் நினைவுக்கு வருகிறது. அணைக்கு என்ன ஆகும் என்று மணிக்கணக்கில் வாதிடும் நாம், நம் தலைக்கு மேலுள்ள கூரைக்கு என்ன ஆகும் என்று பேசுவதில்லை. அணையைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இதைத் தீவிரமாக யோசிக்க வைத்தவள் என் தங்கை. அவளும் மாப்பிள்ளையும் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில், பாலைவனத்து நகரம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறார்கள். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்தப் பள்ளத்தாக்கின் ஓரமாகவே செல்கிறது. 1986-இல் வடக்கு பாம் ஸ்பிரிங்ஸ் அதிர்ந்தது. 1992-இல் லேண்டர்ஸ் என்ற பாலைவன ஊரை 7.3 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. பிளவின் தெற்குப் பகுதியோ ஏறத்தாழ 300 ஆண்டுகளாகப் பெரிய அளவில் அசையாமல் இறுக்கத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் வீட்டுக் காப்பீடு விற்கவே தயங்கியதால், 1996-இல் அந்த மாநிலம் நிலநடுக்கக் காப்பீட்டுக்கென்று தனி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. அந்த பாலிசியில் வீட்டுக்காரர் முதலில் தாமே ஏற்க வேண்டிய பங்கு 5 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். வீட்டை ஐந்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்து 15 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்தால், 75,000 டாலர் வரையிலான சேதத்துக்கு நிறுவனம் எதுவும் தராது. ஆகவே சுவரில் விரிசல், புகைபோக்கி சரிவு போன்றவற்றுக்கு அந்த பாலிசி உதவாது. வீடே போய்விடும் நிலைக்குத்தான் அது. அங்குள்ள வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் அதை வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கைக்கு நான் சொன்ன கருத்து இதுதான்: வீட்டுக்கடன் பெரும்பகுதி பாக்கியிருக்கிறது, சேமிப்பு முழுவதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, பிளவோ கூப்பிடு தூரத்தில், ஆகவே பிரீமியம் குறையும்படி தன் பங்கை உயர்த்தி வைத்துக்கொண்டாவது எடுத்துவிட வேண்டும். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தால் கட்டப்பட்டவை. அவை ஆடும், உள்ளிருப்பவர்களின் மேல் அவ்வளவு எளிதில் சரிந்து விழமாட்டா.

நம் பக்கத்துக் கணக்கு நேர்மாறானது. இங்கே ஆபத்து அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் தாங்கும் வீடுகள் குறைவு.

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று கோவை, பாலக்காட்டுப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. 1994 டிசம்பரில் பாரதப்புழையை ஒட்டிய தேசமங்கலத்தில் 4.3 அளவில் அதிர்ந்தது. 2000 டிசம்பரிலும் 2001 ஜனவரியிலும் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் அதிர்ந்தது. 2024 ஜூனில் திருச்சூர், பாலக்காடு மாவட்ட எல்லையில் பாத்திரங்கள் குலுங்கியதை நம்மில் பலர் அறிவோம். கேரளம் முழுவதும், கோவையும் சேர்த்து, 2002-ஆம் ஆண்டின் நிலநடுக்க வரைபடத்தில் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது காரணமில்லாமல் அன்று.

6 என்ற அளவு சிறியதாகத் தோன்றினால் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் அளவு 6.2. அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. சேற்றை வைத்துக் கட்டிய கனத்த கல்சுவர்களும் அவற்றின் மேலிருந்த மண்கூரைகளும் அதிகாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்து, பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். அவர்களைக் கொன்றவை அந்தச் சுவர்கள்தாம். நம் ஊரின் பழைய ஓட்டு வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கில்லாரிதான் நினைவுக்கு வருகிறது. மண்சாந்தில் கட்டிய சுவர், மேலே பனைவாரை, அதன்மேல் ஓடு. சுவரும் சுவரும் சேரும் மூலையில் அவற்றைப் பிணைத்து நிறுத்த எதுவும் இல்லை. புதிய வீடுகளிலும் நிலைமை முழுவதும் திருந்திவிடவில்லை. கதவு, ஜன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டுவிட்டு, எல்லாச் சுவர்களையும் சுற்றி ஓட வேண்டிய பெல்ட் கான்கிரீட்டைச் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக் கம்பியின் முனையை உள்நோக்கி நன்றாக மடக்க வேண்டும் என்று கேட்டால், சொன்னவரை மேஸ்திரி விநோதமாகப் பார்க்கிறார். வீடு கட்டும்போதே செய்துவிட்டால், மொத்தச் செலவில் இவை பெரிய தொகையே இல்லை.

இனி காப்பீடு. நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தந்தாக வேண்டும். கலிபோர்னியாவில் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டிய நிலநடுக்கக் காப்பு இதில் முதலிலேயே சேர்ந்திருக்கிறது. அதோடு தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுதல் ஆகியவையும் அடங்கும். கணவாய்க் காற்றில் பனையும் தென்னையும் சாயும் நம் ஊரில் கடைசியாகச் சொன்னது வெறும் பேச்சில்லை. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்கும் அந்தத் தொகையில் 20 விழுக்காடு வரை, பத்து லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, காப்பு கிடைக்கிறது. நிலத்தின் மதிப்பு சேராது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. நடுத்தர வீட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. நிலநடுக்கத்துக்காக மட்டும் இங்கே ஒருவர் பாலிசி எடுக்க வேண்டுமா என்று கேட்டால் நான் தயங்குவேன். இத்தனை ஆபத்துகளோடு சேர்ந்தே அது வருவதால், எடுக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

"லோன் எடுக்கும்போதே இன்சூரன்ஸ் கட்டியாயிற்று" என்று சொல்பவர்கள் அந்தக் காகிதத்தைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். பல பேரிடம் இருப்பது கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கியை அடைக்கும் ஆயுள் காப்பீடு. அதற்கும் வீட்டின் சுவருக்கும் தொடர்பில்லை. சிலரிடம் வீட்டுக் காப்பீடே இருக்கும், ஆனால் கடன் தொகைக்கு மட்டும், கடன் காலம் வரைக்கும் மட்டும். கடைசித் தவணையைக் கட்டி வீட்டுப் பத்திரத்தைத் திரும்பப் பெறும் மகிழ்ச்சியில், அதன்பிறகு வீட்டுக்கு எந்தக் காப்பும் இல்லை என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். நிலம் தாழ்வதாலும் சரிவதாலும் வரும் சேதத்துக்கு பாரத் கிருக ரக்ஷா பாலிசி சில விலக்குகளை வைத்திருக்கிறது: புதுக் கட்டடம் இயல்பாக இறங்குவதால் வரும் விரிசல், மண்கொட்டி நிரப்பிய மனை அமுங்குவது, குறையான வடிவமைப்பு, தரமற்ற வேலை, பக்கத்தில் தோண்டுவது. வயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டியவர்கள் நம் பஞ்சாயத்துகளில் குறைவில்லை. அவர்கள் இந்தப் பகுதியை ஒரு முறைக்கு இரு முறை படிப்பது நல்லது. பாலிசி பணத்தைத்தான் தரும், உயிரைக் காப்பாற்றாது. கையில் ஐம்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, எதில் போடட்டும் என்று யாராவது கேட்டால், முதலில் சுவரைப் பிணையுங்கள் என்பேன்.

எங்கள் பெற்றோரின் ஓட்டு வீட்டுக்கு அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். மூலைகளிலும் லிண்டல் மட்டத்தைச் சுற்றிலும் சுவரின் இருபுறமும் கம்பி வலையை வைத்து, சுவரைத் துளைத்து இரண்டையும் இணைத்து, சிமென்ட் பூச வேண்டும். முக்கோணச் சுவரின் உச்சியைக் கூரைச் சட்டத்தோடு கட்ட வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் வேலை தொடங்கும். அது முடிந்ததும் பொறியாளரிடம் சான்று வாங்கி, பழைய மண்சாந்துச் சுவர் என்பதை மறைக்காமல் படிவத்தில் எழுதியே பாலிசிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். கட்டுமானத்தைப் பற்றிப் படிவத்தில் எழுதியது தவறென்று பின்னால் தெரிந்தால், இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க இடம் இருக்கிறது.